விட்ரினைட் இல்லாத பாறையில் வெப்ப முதிர்ச்சியை எதைக் கொண்டு அளப்பது?

சேறு இறுகி உண்டான ஷேல் என்னும் பாறைப் படிவத்தில் கிணறு தோண்டுவதற்கு முன் அதன் வெப்ப முதிர்ச்சியை அறிந்தாக வேண்டும் என்பதில் எண்ணெய்ப் புவியியலாளர் எவருக்கும் ஐயம் இல்லை. சேற்றோடு புதைந்த உயிர்ப்பொருள் கெரோஜெனாக இறுகி, ஆழம் கூடக்கூட வெந்து, முதலில் எண்ணெயையும் பிறகு ஈர வாயுவையும் கடைசியில் ஏறக்குறைய மீத்தேன் மட்டுமேயான உலர் வாயுவையும் தருகிறது. பாறை இதில் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைச் சொல்லும் எண்ணாக விட்ரினைட் எதிரொளிப்பு உலகெங்கும் நிலைபெற்றிருக்கிறது. மரத்திசுவிலிருந்து வந்த விட்ரினைட் துகளை மெருகேற்றி, எண்ணெயில் அமிழும் வில்லை கொண்ட நுண்ணோக்கியின் கீழ் வைத்து, அதன்மேல் விழும் 546 நானோமீட்டர் அலைநீள ஒளியில் எத்தனை சதவீதம் திரும்பி வருகிறது என்று பார்ப்பதுதான் அந்த அளவீடு. 0.6 முதல் 1.3 சதவீதம் வரை எண்ணெய், 1.3 முதல் 2 வரை ஈர வாயு, அதற்கு மேல் உலர் வாயு என்பது ஏறத்தாழ எல்லோரும் ஏற்றுக்கொண்ட கணக்கு.

இந்தக் கணக்கு மரங்கள் தோன்றிய பிறகு படிந்த பாறைகளுக்கு மட்டுமே நேராகப் பொருந்தும். மரத்திசு கொண்ட தாவரங்கள், ஏறத்தாழ 42 கோடி முதல் 36 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய டெவோனியக் காலத்தில்தான் நிலத்தில் பரவின. அதற்கு முந்தைய கேம்பிரிய, ஆர்டோவிசிய, சைலூரியக் கடல்களில் படிந்த ஷேல்களில் உயிர்ப்பொருள் ஏராளமாக இருக்கிறது, விட்ரினைட் இல்லை. ஆனாலும் அந்தப் பாறைகளைப் பற்றிய அறிக்கைகளில் விட்ரினைட் எதிரொளிப்பு என்ற தலைப்பின் கீழ் எண்கள் வரிசையாக அச்சாகி வருகின்றன. அவை அனைத்தும் வேறு ஏதோ ஒரு பொருளில் அளந்து, ஒரு சூத்திரத்தின் வழியே மாற்றி எழுதப்பட்டவை. எந்தப் பொருளில் அளந்தார்கள், எந்தச் சூத்திரத்தைக் கையாண்டார்கள் என்பதைக் கேட்காமல் அந்த எண்ணை நம்பிக் கிணற்றுக்குப் பணம் ஒதுக்குவது சரியன்று என்பதே, அந்த மாற்று முறைகளை இங்கே ஒப்பிடுவதற்கான காரணம்.

பொதுப்பட எழுதுவதைவிட ஓர் இடத்தை வைத்துப் பேசுவது பயன் தரும். சீனாவின் சிச்சுவான் படுகையில் பழமையான கருநிற ஷேல்கள் இரண்டு உள்ளன. மேலே இருப்பது ஆர்டோவிசிய இறுதியிலும் சைலூரியத் தொடக்கத்திலும் படிந்த வூஃபெங்–லோங்மாஷி ஷேல். 2012ஆம் ஆண்டு சோங்சிங் மாநகரப் பகுதியில் சினோபெக் நிறுவனம் தோண்டிய ஜியாவோயே-1 கிணறு, சோதனையின்போது நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 லட்சம் கனமீட்டர் வாயுவைத் தந்து, ஃபூலிங் வயலைத் திறந்துவைத்தது இந்தப் படிவத்தில்தான். கீழே இருப்பது ஏறக்குறைய 52 கோடி ஆண்டுப் பழமை கொண்ட கேம்பிரிய சியோங்சூசி ஷேல். வெய்யுவான் பகுதியில் 1966இலேயே வெய்-5 கிணறு அதிலிருந்து வாயு பீறிடக் கண்டது. எனினும் நெடுங்காலம் அது ஏமாற்றம் தரும் படிவமாகவே கருதப்பட்டது. ஃபூலிங்கில் லோங்மாஷியின் முதிர்ச்சி 2.2க்கும் 3.1க்கும் இடையே அமைகிறது. சியோங்சூசியோ பல இடங்களில் 3ஐத் தாண்டி, சில இடங்களில் 4ஐயும் எட்டுகிறது.

ஆகவே இங்கே முடிவெடுப்பவரின் கேள்வி, அமெரிக்காவின் பார்னெட் ஷேலில் கேட்கப்பட்ட கேள்வி அன்று. பார்னெட்டில், பாறை எண்ணெய்க் கட்டத்தைக் கடந்து வாயுவுக்கு வந்துவிட்டதா என்ற கீழ் எல்லைதான் பணத்தைத் தீர்மானித்தது, 1.4 சதவீதம் என்ற எண் அங்கிருந்துதான் பலர் நாவிலும் ஏறியது. சிச்சுவானில் கீழ் எல்லையை இரண்டு ஷேல்களும் எப்போதோ கடந்துவிட்டன. மேல் எல்லைதான் இங்கே சிக்கல். ஏறத்தாழ 3.5 சதவீதத்துக்கு மேல் உயிர்ப்பொருள் கிராஃபைட்டை நோக்கி நகரத் தொடங்குகிறது. வாயுவைப் பிடித்து வைத்திருக்கும் நுண்துளைகள், எண்ணெய் சிதைந்து வாயுவான காலத்தில் பாறையில் தங்கி இறுகிய எண்ணெயான பிட்டுமெனுக்குள் உண்டானவை. இந்தக் கட்டத்தில் அவை நெரிந்து குறைகின்றன. புதிதாக வாயு உண்டாவதும் நின்றுவிடுகிறது. 3.0 என்றால் தோண்டலாம், 3.8 என்றால் கைவிடலாம் என்ற நிலையில், அந்த இரண்டையும் பிரித்தறியக்கூடிய அளவுகோல் எது என்பதே கேள்வி. எந்த முறை நுட்பமானது என்று பொதுவாகக் கேட்பதைவிட, எந்த முறையின் பார்வை இந்த எல்லையை எட்டுகிறது, அது அளக்கும் பொருள் இந்தப் பாறையில் இருக்கிறதா என்று கேட்பதே முறை.

மிக மலிவானதும் மிக விரைவானதும் ராக்-எவால் சோதனை. பிரெஞ்சுப் பெட்ரோலிய நிறுவனத்தில் 1970களில் உருவான இம்முறையில், பொடியாக்கிய பாறை ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே தேவைப்படுகிறது. அதை ஆக்சிஜன் இல்லாத சூழலில் நிமிடத்துக்கு 25 டிகிரி வீதம் சூடேற்ற, கெரோஜென் உடைந்து வரும் ஹைட்ரோகார்பன் எஸ்2 என்னும் முகடாகப் பதிவாகிறது. அந்த முகடு உச்சத்தைத் தொடும் வெப்பநிலையே டிமேக்ஸ். ஜார்வி குழுவினர் பார்னெட் பாறைகளை வைத்துத் தந்த சூத்திரப்படி, டிமேக்ஸை 0.018ஆல் பெருக்கி 7.16ஐக் கழித்தால் விட்ரினைட் நிகர் எண் வரும்; 450 டிகிரிக்கு அது 0.94. முகடு தெளிவாக இருக்கும்வரை இது நல்ல முறைதான். லோங்மாஷியிலும் சியோங்சூசியிலும் உடைந்து வருவதற்கு ஹைட்ரஜன் மிச்சமில்லாததால் முகடே எழுவதில்லை. கிராமுக்கு 0.2 மில்லிகிராமுக்கும் குறைவான எஸ்2 இருந்தால் டிமேக்ஸை நம்பக் கூடாது என்பது அந்தத் துறையின் பழைய விதி. ஆனால் கருவி எப்படியும் ஏதோ ஓர் எண்ணை அச்சிட்டுவிடும். அது அட்டவணையில் மற்ற எண்களோடு சமமாக உட்கார்ந்துகொள்ளும். சிச்சுவானின் ஷேல்களுக்கு டிமேக்ஸைப் பயன்படுத்துவது வீண் என்றே சொல்வேன். எஸ்2 ஏறத்தாழச் சுழியாக இருக்கிறது என்பது மட்டும், பாறை வாயுக் கட்டத்தில் ஆழமாக இருக்கிறது என்பதற்குக் கொசுறாகக் கிடைக்கும் சான்று.

அடுத்தது கோனோடோன்ட் நிற அளவு. கோனோடோன்ட் என்பவை கேம்பிரியம் முதல் டிரையாசிக் முடிவு வரை வாழ்ந்த, விலாங்கு வடிவக் கடல் உயிரிகளின் பல் போன்ற உறுப்புகள். கால்சியம் பாஸ்பேட்டால் ஆனவை. வெப்பம் ஏற ஏற அவை வெளிர்மஞ்சளிலிருந்து பழுப்புக்கும் பிறகு கறுப்புக்கும் மாறுகின்றன. அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் எப்ஸ்டீன் இணையரும் ஹாரிஸும் 1977இல் இந்த மாற்றத்தை 1 முதல் 5 வரையான படிகளாக்கினர். கோனோடோன்ட்களை ஷேலிலிருந்து பிரித்தெடுப்பது கடினம். சுண்ணாம்புப் பாறையை மென் அமிலத்தில் கரைத்தால் எளிதாகக் கிடைக்கும். லோங்மாஷி ஷேலுக்குச் சற்றே கீழே பாவோட்டா சுண்ணாம்புப் பாறை இருப்பதால் இந்த வழி திறந்தே இருக்கிறது. செலவும் அதிகமில்லை. தடை வேறிடத்தில் இருக்கிறது. அவர்கள் வகுத்த அட்டவணையில் 4ஆம் படி, விட்ரினைட் எதிரொளிப்பில் 1.95 முதல் 3.6 வரை விரிகிறது. சிச்சுவானில் நாம் முடிவெடுக்க வேண்டிய இடைவெளி முழுவதும் ஒரே நிறத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் 4க்கும் 5க்கும் இடையிலான எல்லை 3.6க்கு அருகில் விழுவது ஒரு நல்வாய்ப்பு. நிறம் தெளிவாக 5 என்று வந்தால், அந்தப் பகுதியைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடலாம். 4 என்று வந்தால் எதுவும் தெரியவில்லை என்றே கொள்ள வேண்டும். பெரிய பரப்பை முதலில் சலித்தெடுக்க உதவும். கிணற்றின் இடத்தைக் குறிக்க உதவாது.

இல்லைட் படிகத்தன்மையைச் சில வரிகளில் கடந்துவிடலாம். இல்லைட் என்னும் களிமண் கனிமத்தின் ஊடுகதிர் முகடு எவ்வளவு ஒடுங்கியிருக்கிறது என்று அளக்கும் க்யூப்லர் குறியீடு, 0.42 டிகிரிக்குக் கீழே போனால் பாறை உருமாற்றத்தின் வாசலில் நிற்கிறது என்று பொருள். ஆனால் பழைய மலைகளிலிருந்து அடித்து வரப்பட்ட மைக்கா ஷேலில் கலந்திருந்தால், அதன் ஒடுங்கிய முகடு பாறை உண்மையில் கண்ட வெப்பத்தைவிடக் கூடுதலாகக் காட்டிவிடும். துணைச் சான்றாக வைத்துக்கொள்ளலாம்; தனியாக இதை நம்ப வேண்டியதில்லை.

திட பிட்டுமென் எதிரொளிப்பு இவற்றிலிருந்து வேறான தரத்தில் நிற்கிறது. கெரோஜென் தந்த எண்ணெயின் ஒரு பகுதி பாறையிலேயே தங்கி, தாதுத் துகள்களின் இடுக்குகளில் இறுகி நிற்பதுதான் திட பிட்டுமென். எண்ணெய் தந்த பழம்பாறைகளில் இது பெரும்பாலும் கிடைத்துவிடும் என்பதே இதன் பெரும்பலம். விட்ரினைட்டை அளக்கும் அதே நுண்ணோக்கி, அதே அளவுக்கற்கள், அதே ஆய்வாளர் போதும். வண்டல் பாறைகளில் சிதறிக் கிடக்கும் துகள்களை அளப்பதற்கு ஏஎஸ்டிஎம் என்னும் தரநிர்ணய அமைப்பின் டி7708 என்ற நெறிமுறையும் இருக்கிறது. பிழை அளவீட்டில் நேர்வது குறைவு. அளந்ததை விட்ரினைட் எண்ணாக மாற்றும்போதுதான் அது பெருகுகிறது.

இதைக் கணக்கிட்டே பார்க்கலாம். சியோங்சூசியின் ஒரு துண்டில் பிட்டுமென் எதிரொளிப்பு 3.5 சதவீதம் என்று வருவதாகக் கொள்வோம். 1989இல் யாக்கோப் தந்த சூத்திரப்படி, அதை 0.618ஆல் பெருக்கி 0.40ஐக் கூட்ட வேண்டும், விடை 2.56. 1995இல் லாண்டிஸ், கஸ்தான்யோ இருவரும் தந்த சூத்திரப்படி, 0.41ஐக் கூட்டி 1.09ஆல் வகுக்க வேண்டும், விடை 3.59. பாறை ஒன்று, துகள் ஒன்று, அளவீடும் ஒன்று. ஒரு விடை ஃபூலிங் வயலின் நடுப்பகுதிக்கு நிகரான, தாராளமாகத் தோண்டத்தக்க ஷேலைக் காட்டுகிறது. மற்றொன்று கிராஃபைட்டாகத் தொடங்கிவிட்ட, கைவிடத்தக்க ஷேலைக் காட்டுகிறது. ஓமானின் உப்புப் படுகைப் பாறைகளை ஆராய்ந்த ஷோன்ஹெர் குழுவினர் 2007இல் தந்த மூன்றாவது சூத்திரம் 3.57 என்கிறது. இரண்டு விடைகள் நெருங்கி வருவதால், உயர் முதிர்ச்சிக்கு யாக்கோப்பின் கோட்டை நீட்டக் கூடாது என்று கொள்வதே பாதுகாப்பு. பிட்டுமென் எதிரொளிப்பு 1 சதவீதமாக இருக்கும்போது யாக்கோப் 1.02, லாண்டிஸ் 1.29 என்ற அளவில்தான் வேறுபாடு இருக்கிறது. மேலே போகப்போக இடைவெளி அகன்றுகொண்டே செல்கிறது. கையில் வரும் பழைய அறிக்கையில் நிகர் எண் மட்டும் இருந்து, மூல எண் இல்லையென்றால், அந்த அறிக்கையை முடிவெடுக்கும் மேசையில் வைக்காமல் இருப்பதே நல்லது.

லோங்மாஷிக்கு மட்டும் கிடைக்கும் ஒரு வசதி கிராப்டோலைட். ஆர்டோவிசிய, சைலூரியக் கடல்களில் கூட்டமாக மிதந்த இந்த உயிரிகளின் எச்சம், இந்த ஷேலின் அடிப்பகுதியில் அடர்ந்து கிடக்கிறது. துளையிட்டு எடுத்த உருளைப் பாறைத்தண்டை அடுக்கின் வழியே பிளந்தால், கரும்பலகையில் பென்சிலால் ரம்பப்பல்லைக் கீறியதுபோல் வெள்ளி மினுக்கத்துடன் அவை வெறுங்கண்ணுக்கே தெரியும். துகள் எது என்ற ஐயத்துக்கு இங்கே இடமில்லை என்பதை நான் பெரிய ஆதாயமாகக் கருதுகிறேன். பாறையில் சிதறிக் கிடக்கும் சிறு கரும்புள்ளிகளில் எது பிட்டுமென், எது வேறு எச்சம் என்று ஆய்வாளர்கள் தமக்குள் மாறுபடுவது வழக்கம். கிராப்டோலைட்டில் அந்தத் தகராறு குறைவு. பீட்டர்சன் குழுவினர் 2013இல் தென் ஸ்காண்டிநேவியப் பாறைகளை வைத்து, கிராப்டோலைட் எதிரொளிப்பை 0.73ஆல் பெருக்கி 0.16ஐக் கூட்டும் சூத்திரத்தைத் தந்தனர். ஆனால் கிராப்டோலைட்டின் எதிரொளிப்பு திசைக்கேற்ப வெகுவாக மாறும். அடுக்குக்கு இணையாக வெட்டிய பரப்பில் ஓர் எண்ணும், குறுக்காக வெட்டிய பரப்பில் வேறோர் எண்ணும் வரும். முதிர்ச்சி கூடும்போது இந்த வேறுபாடும் கூடும். எந்தப் பரப்பில் அளந்தார்கள், பெரும எண்ணை எடுத்தார்களா, சராசரியை எடுத்தார்களா என்பவை அறிக்கையில் இருந்தே ஆக வேண்டும். சியோங்சூசிக்கு இந்த வழி இல்லை; மிதக்கும் கிராப்டோலைட்கள் அந்தச் சேறு படிந்த காலத்துக்கு வெகுநாள் கழித்தே தோன்றின.

எஞ்சியிருப்பது ராமன் நிறமாலை. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928இல் கண்டறிந்த ஒளிச்சிதறல், இன்று கேம்பிரியச் சேற்றின் வெப்பத்தை அளக்கப் பயன்படுவது தமிழ் வாசகருக்குச் சற்று மகிழ்ச்சி தரலாம். கரிமத் துகளின் மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சினால், சிதறி வரும் ஒளியின் நிறமாலையில் 1350 செ.மீ⁻¹ அருகில் டி பட்டையும் 1600 அருகில் ஜி பட்டையும் எழுகின்றன. முதிர்ச்சி கூடும்போது டி பட்டை கீழ்நோக்கி நகர, இரண்டுக்கும் இடையிலான தொலைவு அகல்கிறது. குறைந்த முதிர்ச்சியில் துகளின் ஒளிர்வு இந்தப் பட்டைகளை மூழ்கடித்துவிடும் என்பதால் அங்கே இந்த முறை தடுமாறும். உயர் முதிர்ச்சியில்தான் இது பலம் பெறுகிறது. 3.5 சதவீதத்தை ஒட்டி, 2700 அருகில் கிராஃபைட்டுக்கே உரிய இரண்டாம் வரிசைப் பட்டை தலைகாட்டத் தொடங்குகிறது. மற்ற முறைகள் மெல்ல உயரும் ஓர் எண்ணை மட்டுமே தர, இது நம் எல்லையை ஒட்டியே ஓர் அடையாளத்தைத் தருகிறது. சிச்சுவானில் மேல் எல்லையைத் தேடுபவருக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. குறை இல்லாமலும் இல்லை. லேசரின் அலைநீளம், பட்டைகளைப் பிரிக்கும் கணக்குமுறை ஆகியவற்றுக்கேற்ப முடிவுகள் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும். மெருகேற்றும் தேய்ப்பே துகளின் மேற்பரப்பைக் குலைத்து டி பட்டையை உயர்த்திவிடும். எனவே எல்லாத் துண்டுகளையும் ஒரே ஆய்வகத்தில், ஒரே அமைப்பில் அளப்பது அவசியம். வெவ்வேறு ஆய்வகங்களின் ராமன் எண்களை ஒரே வரைபடத்தில் புள்ளியிட்டுச் சமமுதிர்ச்சிக் கோடு வரைவதை நான் ஏற்கமாட்டேன்.

ராமன் சொல்வதைப் பாறைக்கு வெளியே சரிபார்க்கவும் ஒரு வழி உண்டு. கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். இயல்பான லோங்மாஷி ஷேலின் மின்தடை பல பத்து ஓம்மீட்டராக இருக்க, கிராஃபைட்டாக மாறத் தொடங்கிவிட்ட பகுதிகளில் அது சில ஓம்மீட்டருக்குள் சரிந்துவிடுகிறது. அருகில் ஏற்கெனவே தோண்டிய பழைய கிணறுகளின் மின்தடைப் பதிவேடுகள் கையில் இருந்தால், புதிய செலவு ஏதுமில்லாமல் இந்தச் சான்று கிடைக்கும். பைரைட் என்னும் இரும்புக் கனிமம் செறிந்தாலும் உப்புநீர் ஏறினாலும் மின்தடை குறையும் என்பதால், இதைத் தனித்து நம்பாமல் ராமனோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

இந்த ஒப்பீட்டின்படி, லோங்மாஷியைப் பற்றிய முடிவுக்குக் கிராப்டோலைட் எதிரொளிப்பை முதன்மையாகவும், ராமனை எல்லைக் காவலாகவும் வைத்துக்கொள்வேன். சியோங்சூசிக்கு ராமனே முதன்மை. பிட்டுமென் எதிரொளிப்பு அதற்குத் துணை, அதுவும் மூல எண்ணோடு. கோனோடோன்ட் நிறம், பரப்பு பெரிதாகவும் பணம் சிறிதாகவும் இருக்கும் தொடக்கக் கட்டத்துக்கு. டிமேக்ஸுக்கு இங்கே வேலை இல்லை. டெவோனியத்துக்குப் பிந்தைய பாறைகளில் இத்தனை குழப்பமும் தேவைப்படாது. மேற்கு வங்கத்தின் துர்காபூர் அருகே 2011இல் ஓஎன்ஜிசி இந்தியாவின் முதல் ஷேல் வாயுவைக் கண்ட தாமோதர் படுகை பெர்மியக் காலத்தது, நிலக்கரி நிறைந்தது, விட்ரினைட்டுக்கு அங்கே பஞ்சமில்லை.

முதிர்ச்சி எண் எவ்வளவு சரியாக வந்தாலும், அது பாறையில் வாயு உண்டானதா என்பதையே சொல்லும். இன்றும் அங்கே இருக்கிறதா என்பதைச் சொல்லாது. தென் ஸ்வீடனின் ஸ்கோனே பகுதியில் கேம்பிரிய–ஆர்டோவிசிய ஆலம் ஷேல் வாயுக் கட்டத்தை எட்டியிருப்பது தெரிந்தே ஷெல் நிறுவனம் மூன்று கிணறுகளைத் தோண்டியது; போதிய வாயு இல்லாததால் 2011இல் விலகிக்கொண்டது. அதே ஷேலை நாடி வட டென்மார்க்கில் 2015இல் டோட்டல் தோண்டிய வெண்ட்சுசெல்-1 கிணற்றில் வாயு இருந்தது, படிவம் எதிர்பார்த்த தடிமனில் இல்லை. ஃபூலிங்கில் ஜியாவோயே-1 வென்றதற்கு முதிர்ச்சியோடு, அடியிலிருந்த அழுத்தம் இயல்பான நீரழுத்தத்தைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகக் கசியாமல் காக்கப்பட்டிருந்ததும் காரணம்.

இனி, ராமனும் பிட்டுமெனும் 3.3க்கும் 3.7க்கும் இடையே ஒன்றோடொன்று முரண்பட்டு நின்றால் என்ன செய்வது? இன்னும் பத்துத் துண்டுகளை அனுப்பிச் சராசரி எடுப்பதால் பயனில்லை. ஐயம் துண்டுகளின் எண்ணிக்கையில் இல்லை, சூத்திரத்தில் இருக்கிறது. அந்தச் செலவில் பழைய நில அமைப்பு வரைபடத்தைப் பார்ப்பது மேல். கேம்பிரியத்துக்குப் பின் நெடுங்காலம் மேடாக நின்ற பகுதிகளில் ஷேல் குறைவாகவே புதைந்தது, குறைவாகவே வெந்தது. சியோங்சூசியை மீண்டும் பேச்சுக்குக் கொண்டுவந்து, நாளொன்றுக்கு 7 லட்சம் கனமீட்டருக்கு மேல் வாயு தந்த சீ-201 கிணறு, அப்படியொரு பழைய மேட்டை ஒட்டிய பகுதியில்தான் இருக்கிறது. எண்கள் இழுபறியாக நிற்கும்போது, கிணற்றின் இடத்தை அந்த மேட்டின் பக்கமாகச் சில கிலோமீட்டர் நகர்த்திக் குறிப்பதே நான் தரும் யோசனை.